என் நாற்காலியிலேயே உட்கார்ந்து பறக்கணும்

அத்தியாயத்தின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே சுருக்கியிருக்கிறோம். பேச்சு நடையை அப்படியே விட்டிருக்கிறோம்.

எனக்கு ஊர் ஜீயபுரம். திருச்சியில இருந்து கரூர் போற ரோட்டுல, காவிரிக்குத் தென்கரையில, முக்கொம்புக்குக் கொஞ்சம் முன்னாடி வரும். ஆறு, வாழைத்தோட்டம், ஒரு சின்ன ரயில்வே ஸ்டேஷன். பஸ்ல தூங்கிட்டீங்கன்னா எங்க ஊர் கடந்து போனதே தெரியாது.

ஆனா எங்க ஊருக்கு வருஷத்துக்கு ஒரு தடவை பெரிய விருந்தாளி ஒருத்தர் வருவார். பங்குனித் திருவிழாவுல ஸ்ரீரங்கத்துல இருந்து நம்பெருமாள். ஆத்துக்குப் போன பேரன் திரும்பலைன்னு "ரங்கா, ரங்கா"ன்னு கூப்பிட்ட ஒரு பாட்டிக்கு, பேரன் உருவத்துல பெருமாளே வந்து பழைய சோறு சாப்பிட்டார்னு கதை. அந்தக் கதைக்காகத்தான் இன்னைக்கும் வர்றார். சின்ன வயசுல எனக்குக் கதையைவிட சுவாரசியமா இருந்தது அவரை உட்கார வைக்கிற விதம். பீடத்தோட பல்லக்குல வச்சு, கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருப்பாங்க. தூக்குறவங்க எவ்வளவு குலுங்கினாலும் அவர் ஆட மாட்டார். "கயிறு எதுக்குப் பாட்டி?"ன்னு கேட்டேன். "விழாம இருக்கத்தாண்டி, வேற எதுக்கு?"ன்னாங்க.

இன்னைக்கு நான் பேசப்போறது அந்தக் கயிறைப் பத்தித்தான். விமானத்துல.

எனக்கு இருபத்திரண்டு வயசுல கரூர் ரோட்டுல ஒரு விபத்து. வண்டியில பின்னாடி உட்கார்ந்திருந்தேன். தண்டுவடத்துல அடி. மார்புக்குக் கீழ உணர்வு கிடையாது. இப்ப சென்னையில ஐ.டி. வேலை, வாடகை வீடு, தினமும் ஆபீஸ், எல்லாம் வீல்சேர்லதான். அந்த வீல்சேர் என் உடம்பை அளந்து செஞ்சது. முதுகுப் பக்கம் என்ன சாய்வு, கால் வைக்கிற இடம் என்ன உயரம், எல்லாம் எனக்குன்னே. அதுமேல காத்து அடைச்ச ஒரு குஷன். அந்தக் குஷன் இருக்கறதாலதான் பத்து மணி நேரம் உட்கார்ந்தாலும் என் தோல் கிழியாம இருக்கு.

இதைக் கொஞ்சம் விளக்கணும். நீங்க இப்ப இதைக் கேட்டுக்கிட்டே ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கம் சாய்ஞ்சு உட்கார்ந்திருப்பீங்க. நீங்க யோசிக்கவே இல்லை, உடம்பே பண்ணிடுச்சு. எலும்பு அழுத்துற இடத்துல ரத்த ஓட்டம் குறைஞ்சா வலிக்கும், வலிச்சா நகர்வோம். எனக்கு அந்த வலி வராது. அதனால ஒரே இடத்துல அழுத்தம் சேர்ந்துக்கிட்டே இருக்கும். சில மணி நேரம் போதும். முதல்ல ஒரு சிவப்பு, அப்புறம் தோல் உரியும், அப்புறம் குழி. படுக்கைப் புண்ணுன்னு சொல்வோம். பேர்தான் படுக்கைப் புண், உட்கார்ந்தாலும் வரும்.

இப்ப விமானத்துக்கு வருவோம். என் தங்கச்சி சிங்கப்பூர்ல இருக்கா. திருச்சியில இருக்கறவங்களுக்கு சிங்கப்பூர் சென்னை மாதிரிதான், நாலு மணி நேரம். விபத்துக்கு அப்புறம் முதல் தடவையா அவளைப் பார்க்கக் கிளம்பினேன். செக்-இன் வரைக்கும் நல்ல மரியாதை. ஏரோபிரிட்ஜ் முடியுற இடத்துல, விமானக் கதவுக்கு வெளியே, "மேடம், இதுல மாறிக்கணும்"னு ஒரு ஒடிசலான நாற்காலியைக் கொண்டுவந்தாங்க. விமானத்துக்குள்ள நடைபாதை சுமார் ஒன்றரை அடி. என் வீல்சேர் ரெண்டு அடிக்கு மேல. அதனால அந்தக் குச்சி நாற்காலிதான் உள்ள போகும். கைப்பிடி கிடையாது. என்னால முதுகை நிமிர்த்திப் பிடிக்க முடியாது. ரெண்டு பேர், ரெண்டு பேருமே ஆம்பளைங்க, ஒருத்தர் அக்குள்ள கை போட்டு, ஒருத்தர் முழங்காலுக்குக் கீழ பிடிச்சுத் தூக்கினாங்க. அவங்களைக் குறை சொல்லலை. வேர்த்துக் கொட்டுது அவங்களுக்கு. "சிஸ்டர், வலிச்சா சொல்லுங்க"ன்னாங்க. எனக்கு வலிச்சாத்தானே சொல்றதுக்கு? நடைபாதையில இருந்து ஜன்னலோர சீட்டுக்குத் தூக்கும்போது இடுப்பு ஏதோ ஒரு கைப்பிடியில இடிச்சுது. சத்தம்தான் கேட்டுச்சு.

என் குஷனைக் கேட்டேன். அது வீல்சேரோட கீழ போயிடுச்சு. சீட்டுல நாலு மணி நேரம். முதல் நாளே தண்ணி குடிக்கிறதை நிறுத்தியாச்சு, ஏன்னா உள்ள டாய்லெட்டுக்குப் போக வழி கிடையாது. சிங்கப்பூர்ல இறங்கினப்ப வீல்சேர் வந்துச்சு, முன்சக்கரம் ஒண்ணு வளைஞ்சு. தங்கச்சி கழுத்தைக் கட்டிக்கிட்டு அழறா, நான் சக்கரத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கேன்.

ஊருக்குத் திரும்பி வந்தப்ப அந்தச் சிவப்பு இருந்துச்சு. ஒரு வாரத்துல புண்ணாச்சு. பதினோரு வாரம் ஜீயபுரத்து வீட்டுல குப்புறப் படுத்திருந்தேன். எந்த விமான நிறுவனம்னு சொல்லப்போறதில்லை. எதுல போயிருந்தாலும் நடைமுறை இதுதான். யாருமே தப்பு பண்ணலை, விதிப்படிதான் எல்லாம் நடந்துச்சு. அதான் பிரச்னை.

இதுல ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப வரும்: பாதுகாப்பு. "உங்க பாதுகாப்புக்காகத்தான் மேடம்." இந்த வார்த்தையை வச்சு நம்ம நாட்டுல என்னென்ன நடந்திருக்குன்னு கொஞ்சம் பார்க்கணும். 2012 பிப்ரவரி 19, கொல்கத்தாவுல இருந்து கோவாவுக்கு ஸ்பைஸ்ஜெட் விமானத்துல ஜீஜா கோஷ் ஏறி உட்கார்ந்துட்டாங்க. அவங்களுக்கு மூளை முடக்குவாதம். மாற்றுத்திறனாளிகள் பத்தின மாநாட்டுக்குப் போய்க்கிட்டிருந்தாங்க, அதைக் கவனிங்க. உட்கார்ந்தவங்களை இறக்கிவிட்டுட்டாங்க. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2016 மே மாசம் பத்து லட்ச ரூபாய் இழப்பீடு கொடுக்கணும்னு தீர்ப்பு வந்துச்சு. கருணையைப் பத்தி இல்லாம மனித கண்ணியத்தைப் பத்திப் பேசின தீர்ப்பு அது.

அப்புறம் 2022 மே மாசம், ராஞ்சி விமான நிலையத்துல ஒரு மாற்றுத்திறனாளிக் குழந்தையை இண்டிகோ ஏத்த மறுத்துச்சு. குழந்தை பயந்து போயிருக்கு, மத்தவங்களுக்கு ஆபத்துன்னு காரணம். டிஜிசிஏ, அதாவது நம்ம நாட்டு விமானப் போக்குவரத்து இயக்குநரகம், அஞ்சு லட்சம் அபராதம் போட்டுச்சு. ரெண்டு மாசத்துல விதியையும் திருத்தினாங்க. ஒருத்தர் உடம்பு பயணத்துல மோசமாகும்னு நிறுவனம் நினைச்சா, அவங்களே முடிவு பண்ணக் கூடாது, டாக்டர் நேர்ல பார்த்துச் சொல்லணும். நல்ல திருத்தம்தான். ஆனா இந்தத் தீர்ப்பு, திருத்தம் எல்லாமே ஒரே கேள்விக்குத்தான் பதில் சொல்லுது: ஏத்தலாமா கூடாதா. ஏத்தின பிறகு எதுல உட்கார வைக்கிறதுன்னு யாரும் கேட்கலை.

சரி, சென்னை மெட்ரோவுல நான் என் வீல்சேர்லயே போறேன். 2024ல வந்த தாழ்தளப் பேருந்துகள்லயும் சாய்தளம் வழியா ஏறி அதுக்குன்னு இருக்கிற இடத்துல நிறுத்திக்கலாம். இதுக்காக நம்ம ஊர் மாற்றுத்திறனாளிகள் சென்னை உயர் நீதிமன்றத்துல எத்தனை வருஷம் அலைஞ்சாங்கங்கிறது தனி அத்தியாயம். பஸ்ல முடியுது, ரயில்ல முடியுது, விமானத்துல மட்டும் ஏன் முடியாது?

நானும் ரொம்ப நாள் "அது வேற, பிசிக்ஸ் வேற"ன்னுதான் நம்பிக்கிட்டிருந்தேன். பதினோரு வாரம் குப்புறப் படுத்திருந்தா வேற என்ன வேலை, படிச்சேன்.

விமான சீட்டை எப்படிப் பரிசோதிக்கிறாங்கன்னு முதல்ல சொல்றேன். பெரிய பயணிகள் விமானத்துல சீட்டு, முன்பக்கமா 16 ஜி விசையைத் தாங்கணும். பூமி நம்மளை இழுக்கிற விசை ஒரு ஜி. 60 கிலோ ஆளு, மோதுற அந்த நொடியில 960 கிலோ மாதிரி முன்னாடி பாய்வார். அவரையும் பிடிக்கணும், சீட்டும் தரையில இருந்து பிய்ச்சுக்கிட்டு வரக் கூடாது. கீழ்நோக்கி 14 ஜிக்கு இன்னொரு சோதனை. தலை முன்னாடி போய் இடிச்சா எவ்வளவு அடி படும்னு தனிக் கணக்கு. துணி தீப்பிடிக்கக் கூடாது. இவ்வளவையும் தாண்டித்தான் ஒரு சீட்டு உள்ள வருது. என் வீல்சேர் இதுல ஒண்ணையும் எழுதலை. மோட்டார் வச்ச வீல்சேர்னா அதுவே 150 கிலோ வரும். பதினாறால பெருக்குங்க, ரெண்டே கால் டன்னுக்கு மேல. கட்டாம வச்சா அது பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவங்களுக்குக் குண்டு. இதை மறுக்கவே முடியாது, மறுக்கவும் கூடாது.

ஆனா கார், வேன் உலகத்துல இதுக்கு ஏற்கெனவே ஒரு பதில் இருக்கு. டபிள்யூசி19ன்னு ஒரு அமெரிக்கத் தரம். வீல்சேர் சட்டத்துல நாலு இடத்துல கொக்கி மாட்ட வளையம் வைக்கணும், நாலு பட்டையால தரையோட கட்டணும், உள்ள ஒரு பொம்மையை உட்கார வச்சு மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்துல மோதிப் பார்ப்பாங்க. விசை 20 ஜி வரைக்கும் போகும். ஆமாங்க, விமான சீட்டோட 16ஐவிட அதிகம். ரெண்டு சோதனையும் ஒண்ணு கிடையாது, விசை எவ்வளவு நேரம் நீடிக்குது, எந்தத் திசையில வருதுன்னு வித்தியாசம் இருக்கு. ஆனா "வீல்சேர்னாலே பப்படம் மாதிரி நொறுங்கிடும்"னு சொல்றது பொய்யின்னு அங்கேயே தெரிஞ்சுடுச்சு. நாலு மூலையிலயும் கட்டுறது. எங்க ஊர்ப் பல்லக்குக் கணக்குதான்.

இதை அமெரிக்க நாடாளுமன்றம் 2018ல ஒரு சட்டத்துலயே எழுதி, ஆராயச் சொன்னாங்க. அங்கத்து தேசிய அறிவியல் கழகங்களோட குழு 2021ல அறிக்கை கொடுத்துச்சு. எனக்கு அதைப் படிக்கும்போது கை நடுங்குச்சு. தொழில்நுட்ப ரீதியா இது முடியாதுன்னு சொல்ற அளவுக்கு எந்தத் தடையும் தெரியலை, அடுத்த கட்ட ஆராய்ச்சியைத் தொடங்குங்கன்னு சொல்லியிருந்தாங்க. ஏ320, போயிங் 737 மாதிரி விமானங்களோட முன் கதவு, பெரும்பாலான வீல்சேர் நுழையுற அளவுக்கு அகலம்தான். கதவுக்குப் பக்கத்துல ரெண்டு வரிசை சீட்டை எடுத்தா இடம் வந்துடும். நடைபாதையில போகவே தேவையில்லை. விமானத் தரையில தண்டவாளம் மாதிரி உலோகப் பாதை ஓடும், சீட்டெல்லாம் அதுலதான் பூட்டியிருக்கும். கழட்டலாம், மாத்தலாம்.

2023 ஜூன்ல ஜெர்மனியில ஹாம்பர்க் கண்காட்சியில ஒரு மாதிரியையே காட்டிட்டாங்க. ஏர்4ஆல்னு ஒரு பிரிட்டிஷ் கூட்டணி, அதோட டெல்டா விமான நிறுவனத்தோட துணை நிறுவனம். பார்க்க சாதாரண சீட்டு மாதிரியே இருக்கும். வீல்சேர் பயணி வந்தா உட்கார்ற பலகையை மேல மடக்கிட்டு, அந்த இடத்துல வீல்சேரைப் பூட்டிக்கலாம். யாரும் வரலைன்னா மடக்கினதைக் கீழ இறக்கி வேற ஆளுக்கு டிக்கெட் வித்துக்கலாம். அந்தச் சாமர்த்தியம் எனக்குப் பிடிச்சது. நியாயம் பேசி விமான நிறுவனத்தை வழிக்குக் கொண்டுவர முடியாது, சீட்டு நஷ்டமாகாதுன்னு காட்டினாத்தான் காது கொடுப்பாங்க.

இருந்தும் வழக்கமான பயணிகள் சேவையில இது இன்னும் வரலை. சான்றிதழ் வாங்குறது பெரிய மலை. ஒவ்வொரு வீல்சேரும் ஒவ்வொரு விதம். சீட்டை ஒரு தடவை சோதிச்சா ஆயிரம் சீட்டுக்கு ஆச்சு, வீல்சேர் அப்படி இல்லையே.

ஆட்சேபங்கள்ல ரெண்டை எடுத்துக்கறேன், ஏன்னா என் ஆபீஸ் நண்பர்களே கேட்டாங்க. முதல்ல, அவசரமா வெளியேறணும்னா? பாதிக் கதவுகளை மட்டும் வச்சு 90 நொடியில விமானம் காலியாகணும்னு விதி. நியாயமான கேள்வி. ஆனா நான் இன்னைக்கு உட்கார்ற ஜன்னலோர சீட்டுல இருந்து மட்டும் எப்படி வெளியேறுவேன்? வீல்சேர்ல இருந்தாலும் யாராவது தூக்கணும், சீட்டுல இருந்தாலும் யாராவது தூக்கணும். கதவை மறைக்காம, கதவுக்குப் பக்கத்துல இருந்தா தூக்குறவங்களுக்கு வேலை சுலபம்.

அடுத்து பேட்டரி. மோட்டார் வீல்சேரோட பேட்டரி தீப்பிடிச்சா? உங்க பவர் பேங்கை செக்-இன் லக்கேஜ்ல போடக் கூடாது, கையிலதான் கொண்டுபோகணும்னு சொல்றாங்களே, ஏன்? புகைஞ்சா கண்ணுல படணும், உடனே அணைக்கணும். வீல்சேர் பேட்டரி அதைவிடப் பெருசு, அதனால பாதுகாப்பு இன்னும் கூடுதலா வேணும், ஒத்துக்கறேன். ஆனா ஆள் இல்லாத சரக்கு அறைதான் அதுக்கு நல்ல இடம்னு சொல்றது எனக்குப் புரியலை.

அந்தச் சரக்கு அறையில என்ன நடக்குதுன்னு அமெரிக்காவுல கணக்கு வச்சிருக்காங்க, நிறுவனங்கள் மாசாமாசம் சொல்லியாகணும். 2023ல மட்டும் பதினோராயிரத்துக்கு மேல வீல்சேர், ஸ்கூட்டர் சேதமாகியோ தாமதமாகியோ தொலைஞ்சோ போயிருக்கு. அங்கே எங்ரேஷியா ஃபிகுரோவான்னு ஒரு செயற்பாட்டாளர். 2021 ஜூலையில அவங்களோட வீல்சேர் பயணத்துல நொறுங்கிடுச்சு. பொருந்தாத வேற நாற்காலியில மணிக்கணக்கா உட்கார வேண்டியதாச்சு, புண் மோசமாச்சு, அக்டோபர் கடைசியில இறந்துட்டாங்க. அவங்க கூட வேலை பார்த்தவங்க இந்த ரெண்டையும் சேர்த்துத்தான் பேசுறாங்க. எனக்கு அதுல சந்தேகமே இல்லை. எனக்குப் பதினோரு வாரத்தோட போச்சு.

பாதுகாப்பு, பாதுகாப்புன்னு சொல்லி எங்களை வீல்சேர்ல இருந்து பிரிக்கிறாங்க. விபத்துங்கிறது கோடியில ஒண்ணு. தூக்கி மாத்துறது ஒவ்வொரு பயணத்துலயும் ரெண்டு தடவை, இறங்கும்போது ரெண்டு தடவை. அந்த ஆபத்தை யார் கணக்குல எழுதுறாங்க?

இந்த இடத்துல ஒரு சின்ன விஷயம். திருச்சி-சிங்கப்பூர் விமானத்துல பார்த்திருப்பீங்க, கேட்டுல வரிசையா வீல்சேர். பேரன் பேத்தியைப் பார்க்கப் போற அப்பா அம்மாக்கள். இறங்கினதும் எழுந்து ஓடுவாங்கன்னு ரீல்ஸ் போட்டுக் கிண்டல் பண்றாங்க. எனக்கு அந்தக் கிண்டல் பிடிக்கலை. பாதிப் பேருக்கு நடக்க முடியும், ஆனா போர்டு படிக்க முடியாது, வழி கேட்க பாஷை தெரியாது. வீல்சேர் கேட்டா கூட ஒரு ஆள் வருவார், அதுக்காகக் கேக்கறாங்க. கூட வர ஆள் போடுங்க, வீல்சேர் மிச்சமாகும். 2024 பிப்ரவரியில மும்பையில எண்பது வயசுப் பெரியவர் ஒருத்தர், ஒரே ஒரு வீல்சேர்தான் இருக்குன்னு மனைவியை அதுல உட்கார வச்சுட்டு, தான் நடந்தே வந்து சரிஞ்சு விழுந்து இறந்தார். ஏர் இந்தியாவுக்கு முப்பது லட்சம் அபராதம். அந்தப் பெரியவங்களையும் என்னையும் எதிர் எதிரா நிறுத்தாதீங்க.

சரி, நம்ம என்ன பண்றது? அமெரிக்கா கண்டுபிடிச்சு, ஐரோப்பா சான்றிதழ் கொடுத்து, இருபது வருஷம் கழிச்சு இங்க வரட்டும்னு காத்திருக்கணுமா?

இங்கதான் எனக்கு ஒரு பிடிவாதம் இருக்கு. 2023ல ஏர் இந்தியா 470 விமானம் வாங்கப்போறதா அறிவிச்சுது. அதே வருஷம் ஜூன்ல இண்டிகோ 500 ஏ320 ரக விமானத்துக்கு ஒரே ஆர்டர். இதெல்லாம் பல வருஷத்துக்கு வந்துக்கிட்டே இருக்கும், வந்தா இருபது வருஷத்துக்கு மேல பறக்கும். உள்ள என்ன சீட்டு, எங்க இடைவெளி, எல்லாம் வாங்குறவங்க கேட்டு முடிவு பண்றது. இவ்வளவு பெரிய வாடிக்கையாளர் "முன் கதவுக்குப் பக்கத்துல ஒரு வீல்சேர் இடம் போட வழி வச்சுக் கொடுங்க"ன்னு கேட்டா, ஏர்பஸ் கேட்காம இருக்குமா? கேட்கச் சொல்ல வேண்டியது டிஜிசிஏ. 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துலயே போக்குவரத்தை எங்களுக்கு அணுகத்தக்கதா ஆக்கணும்னு பிரிவு இருக்கு.

வீல்சேர் பக்கமும் வேலை இருக்கு. என் வீல்சேர்ல அந்த நாலு வளையமே கிடையாது. விமானம் நாளைக்கே தயாரானாலும் என்னைக் கட்ட முடியாது. ஐஐடி மெட்ராஸ்ல பேராசிரியர் சுஜாதா ஸ்ரீனிவாசன் நடத்துற ஆய்வு மையம், நிக்கவும் வைக்கிற வீல்சேர்ல இருந்து ஸ்கூட்டர் மாதிரி ஓட்டுற வீல்சேர் வரைக்கும் செஞ்சு காட்டியிருக்கு. வண்டியை மோதிப் பார்க்கிற ஆய்வுக்கூடம் ஒரகடத்துல அரசாங்கமே வச்சிருக்கு. ரெண்டுக்கும் நடுவுல அம்பது கிலோமீட்டர்கூட இருக்காது. ஒரு வீல்சேரை ஏத்தி, கட்டி, மோதிப் பார்க்கிறதுக்கு என்ன ராக்கெட் அறிவியலா வேணும்? விமானத்துக்கு முன்னாடி, பள்ளிக்கூட வேன்ல போற ஒரு குழந்தைக்கு அது முதல்ல உதவும்.

அதுவரைக்கும்? அதுவரைக்கும் குச்சி நாற்காலிதான். அதையே கொஞ்சம் மனுஷத்தனமா பண்ணலாம். இப்ப நான் டிக்கெட் போட்டதும் எழுத்துல கேட்டுடறேன், 48 மணி நேரத்துக்கு முன்னாடி சொல்லணும்னு விதி, நான் அதுக்கும் முன்னாடியே சொல்லிடறேன். குஷன் என்கூட கேபினுக்குள்ள வரும். தூக்குறதுல ஒருத்தராவது பெண். முன்னாடி சீட்டு. வீல்சேரோட முதுகுல பெரிய எழுத்துல எழுதி ஒட்டியிருக்கேன்: "படுக்க வைக்காதீங்க. கைப்பிடியைப் பிடிச்சுத் தூக்காதீங்க, கழண்டு வரும்." தமிழ்லதான். தூக்குறவங்க திருச்சிக்காரங்கதானே, அவங்க படிப்பாங்க. போன தடவை ஒரு அண்ணன் படிச்சுட்டு, "யாரும்மா எழுதினது, கையெழுத்து நல்லாயிருக்கு"ன்னு சொல்லிட்டு, குழந்தையைத் தூக்குற மாதிரி வீல்சேரைத் தூக்கிட்டுப் போனார்.

குஷனைப் பத்தி இன்னொண்ணு, வீல்சேர்ல இருக்கிற யாராவது கேட்டுக்கிட்டிருந்தா உதவும். மேல போனதும் கேபின்ல காத்தழுத்தம் குறையும், கொடைக்கானல்ல இருக்கிற மாதிரி, சில சமயம் அதைவிடவும் கம்மி. காத்துக் குஷன் உப்பிடும். உப்பினா கல்லு மாதிரி ஆயிடும், பிரயோஜனமே இல்லை. அதனால பறக்க ஆரம்பிச்சப்புறம் கொஞ்சம் காத்தை விடணும், இறங்கினதும் திரும்ப அடைக்கணும். இதை எனக்கு யாரும் சொல்லலை.

புது டெர்மினல் 2024 ஜூன்ல இருந்து ஓடுது, தெரியும்ல? கோபுரம், வர்ணம்னு ஸ்ரீரங்கத்தைக் கொண்டுவந்து வச்சிருக்காங்க. சாய்தளம், லிஃப்ட் எல்லாம் நல்லா இருக்கு. ஜீயபுரத்து வீட்டு வாசல்ல இருந்து விமானக் கதவு வரைக்கும் என் சக்கரத்துலயே போயிடலாம். ஏ320 முன் கதவு அகலம் சுமார் 81 சென்டிமீட்டர். என் வீல்சேரை நேத்து அண்ணனை விட்டு அளந்து பார்த்தேன். கை வச்சுத் தள்ளுற வளையத்தோட சேர்த்து 63.

தங்கச்சிக்கு டிசம்பர்ல பிரசவம். டிக்கெட் போட்டாச்சு. குஷனுக்குக் காத்தடிக்கிற பம்பைப் பையில எடுத்து வச்சுட்டேன்.